சீறாத மூடி

பூந்தமல்லியைத் தாண்டி, மெட்ரோ தூண்கள் முடிகிற இடத்துக்கும் அப்பால், கழிவுக் காகிதத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் புதிய ஆலை ஒன்று வந்திருக்கிறது. பழைய ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்ல, போன மாதம் அங்கே கூப்பிட்டிருந்தார்கள். அங்கே பாத்திரத்தின் மூடியைத் திறக்க ஆளே தேவையில்லை. கண்ணாடி அறையில் உட்கார்ந்து திரையைத் தொட்டால் போதும். உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தாலும் பூட்டு விடாது. நல்ல ஏற்பாடு. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பயிற்சி கொடுக்கும் இன்ஜினீயர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொன்னார்: “அம்பத்தூர்ல முன்னாடி ஒரு கேஸ் நடந்துச்சு. ஒரு லேடி இன்சார்ஜ். அவசரப்பட்டு ஸ்பேனரைக் கொடுத்துட்டாங்க. ஃபிட்டர் உயிர் போயிடுச்சு. அந்த மாதிரி நடக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பூட்டு.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க அங்கதானே ஐயா இருந்தீங்க? நீங்களே சொல்லுங்களேன்” என்றார்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இன்னொருவரிடம் முதலில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டும் முடிந்தன. அந்த அம்மாள் அவசரப்படவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏழுமலை. எட்டாவதோடு பள்ளி முடிந்தது. பிறகு ஒரு காகித ஆலையில் மூங்கில் கூழ் வேகும் பாத்திரத்தின் அடியில் சக்கை அள்ளினேன். ஆரணிப் பக்கம் அரிசி ஆலையில் உமி தள்ளினேன். திருப்பூரில் சாயப்பட்டறை, ராணிப்பேட்டையில் தோல், கர்நாடகத்தில் கரும்பு சீசன். எங்கே போனாலும் கடைசியில் பாய்லர் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஒரு கட்டத்தில் பாய்லர் சான்றிதழும் வாங்கிவிட்டேன். எழுதத் தடுமாறினாலும், கேட்டதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. ஓர் ஊரில் இரண்டு தீபாவளி பார்த்துவிட்டால் எனக்குக் கால் அரிக்கும். என் மனைவி ஊர் ஊராக அடுப்பு வைத்துப் பிரித்துச் சலித்துப்போய், வேப்பம்பட்டில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டிக்கொண்டாள். “நீ எங்க வேணாலும் போ. நான் இங்கதான் இருப்பேன்” என்றாள். அதனால்தான் நானும் மின்சார ரயில் பிடித்து அம்பத்தூர் போய்வரும் ஆளானேன்.

வேலை கிடைத்த இடம் தொழிற்பேட்டையின் உள்சந்து ஒன்றில் பழைய தகர ஷெட். அச்சகங்களின் வெட்டுக் காகிதம், கிழிந்த அட்டைப்பெட்டி, மரத்தூள், ஜூஸ் கடைகளில் பிழிந்து போட்ட கரும்புச் சக்கை எல்லாம் லாரியில் வரும். முதல் நாள் முதலாளி என்னிடம், “இதையெல்லாம் சர்க்கரை ஆக்கப் போறோம்” என்றபோது, ஆள் ஏதோ சீட்டு நடத்துகிறார் என்று நினைத்தேன்.

ஆனால் விஷயம் உண்மைதான். காகிதமும் மரமும் சக்கையும் அடிப்படையில் சர்க்கரையாம், சங்கிலி மாதிரி கோத்துக் கிடக்கிற சர்க்கரை. கெட்டியான இரும்புப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடிச் சூடேற்றினால், ஆவி போக வழியில்லாமல் தண்ணீர் கொதிக்கவும் முடியாமல் மேலும் மேலும் சூடாகும். அந்தத் தண்ணீர் சங்கிலியை அறுக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே பழுப்பாக, கருப்பட்டி வாசத்தோடு ஒரு சாறு நிற்கும். அதை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் எரிசாராயம். கரையாமல் மிஞ்சிய மண்டியை அழுத்திக் கட்டியாக்கினால் என் பாய்லருக்கே விறகு. அந்தப் பாத்திரத்துக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் குக்கர் என்றுதான் சொல்வோம்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பு. காகித ஆலையில் கூழ் வேகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வேகவிடலாம், குற்றமில்லை. இங்கே அப்படி விட்டால் சர்க்கரை கருகும். கருகிய சாற்றில் ஈஸ்ட் செத்துப்போகும். இன்னும் விட்டால் மொத்தமும் பாத்திரத்தின் சுவரோடு கரியாகப் பிடித்துக் கல்லாகிவிடும். அதனால் வெந்ததும் ஆவியை வெளியேற்றி, மூடியைத் திறந்து, சாற்றை எடுத்துவிட வேண்டும். அடியில் வால்வு வைத்தால் மண்டி அடைக்கும் என்று மேலிருந்தே எடுக்கும்படி கட்டியிருந்தார்கள்.

இந்த வேலை முழுக்க வடிவு மேடம் கையில் இருந்தது. முழுப்பெயர் சண்முகவடிவு. திருநெல்வேலிப் பக்கம். கெமிக்கல் படித்துவிட்டு இங்கே வந்து, ஆவடி சேக்காட்டில் ஒரு அடுக்குமாடியில் கணவரோடு குடியிருந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்பார்.

“அண்ணாச்சி, ஸ்டீம் வால்வு மூடியாச்சா?”

“மூடியாச்சு மேடம்.”

நான் சொல்லி முடிப்பதற்குள் அவரே வந்து வால்வின் மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார். எனக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. அவர் வயதளவு நான் பாய்லர் முன்னால் நின்றவன். ஒருநாள் கேட்டேவிட்டேன். “உங்க மேல சந்தேகம் இல்ல அண்ணாச்சி. வால்வு மேலதான் சந்தேகம்” என்றார். அதற்குப் பிறகு அவர் கை வைக்காமல் போனால்தான் எனக்கு உறுத்தியது.

அண்ணாச்சி என்று அவர் ஊரில் வயதில் மூத்த யாரையும் கூப்பிடுவார்கள். இங்கே அந்தப் பெயர் மளிகைக்கடைக்காரருக்குத்தான். அதை வைத்து எங்கள் ஃபிட்டர் ஜலால் என்னை ஓட்டாத நாள் கிடையாது.

“இன்னா அண்ணாத்தே, மேடம் உனக்கு மளிகக் கட வெச்சு குட்துச்சா? ரெண்டு கிலோ துவரம் பருப்பு போடு.”

“உன்னை பாய்னு மட்டும் மரியாதையா கூப்பிடுறாங்களே, அந்த வயித்தெரிச்சல்.”

“அட போ நைனா. பாய்னா பிரியாணி கடையாண்ட நிக்க வெச்சுடுவாங்கோ. கட உன்னுதுதான் பெர்சு.”

ஜலால் பூந்தமல்லிக்காரர். அப்பா காலத்திலிருந்து லாரி பட்டறை வைத்திருந்த குடும்பம். அண்ணன் தம்பிகளுக்குள் பட்டறை பங்காகிச் சிறுத்துப்போக, இங்கே வேலைக்கு வந்தவர். பருத்த உடம்பு. எந்த நட்டையும் விரலால் தடவியே என்ன அளவு என்பார்.

குக்கர் மூடியைத் திறக்கும் முறையை மேடம் வகுத்து வைத்திருந்தார். முதலில் ஆவியைக் கூரைக்கு மேலே போகும் குழாய் வழியாக விடுவோம். இரைச்சல் தணிந்ததும், அந்தக் குழாயின் கிளை ஒன்றைத் திறந்து, அதன் நுனியை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைப்போம். உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும்வரை தண்ணீரில் குமிழ் வரும். குமிழ் நின்றால், வாளி அடங்கியது என்று சொல்வோம். பிறகு அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். மூன்றாவதாக, ஒரு மக்குத் தண்ணீரை மேடமே எடுத்து மூடியின் மேல் ஊற்றுவார். கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறினால், இரும்பு கொதிநிலைக்கு மேலே இருக்கிறது, உள்ளே இருக்கும் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும், தொடக் கூடாது. சீறாமல் வழிந்தால் திறக்கலாம்.

மூன்றும் சரியாக இருந்தால்தான் ஸ்பேனர் வரும். மூடியின் நட்டுகளுக்கு ஒரே ஒரு ஸ்பேனர்தான், முழங்கை நீளம். அது அவர் அறையில் பீரோவுக்குள் இருக்கும். யாரையும் அனுப்பி எடுத்துவரச் சொல்ல மாட்டார். தானே எடுத்துவந்து ஜலால் கையில் கொடுப்பார்.

ஜலால் அதை வாங்கிக்கொண்டு தினமும் சொல்வது ஒன்றுதான். “தள்ளி நில்லுங்கோ மேடம். சுடிதார் கறையாப் பூடும்.” அந்தச் சாறு பட்டால் துணி அவ்வளவுதான், என்ன சோப்புக்கும் போகாது. மேடம் சிரித்துக்கொண்டே இரும்புத் தூணுக்குப் பின்னால் போய் நிற்பார். அதற்குப் பிறகுதான் ஜலால் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டுவார். அதுவும் தனக்கு எதிர்ப்பக்க நட்டை. கொஞ்சநஞ்சம் ஆவி இருந்தாலும் அந்தப் பக்கமாகப் போய்விடும் என்று.

ஒரு தடவை நடுவில் கரண்ட் போய், பம்பு நின்று, சாற்றை எடுக்க முடியாமல் போயிற்று. மறுநாள் பார்த்தபோது பாத்திரம் முழுக்கக் கரி. இரண்டு பேர் மாறி மாறி உள்ளே இறங்கி உளியால் கொத்த வேண்டியதாயிற்று. நானும் ஜலாலும்தான். மூடியின் வாய் ஒருவர் நுழையும் அகலம், ஜலாலின் உடம்புக்கு அதுவும் இறுக்கம். உள்ளே காற்றுக்கு ஒரு சின்ன விசிறி, ஒரு பல்பு. கரித்தூள் மூக்கிலும் பல்லிலும் ஒட்டும். கருகிய சர்க்கரை வாடை தலைக்கு ஏறும். இரண்டாவது முறை இறங்கியபோது ஜலால் உள்ளேயே கையை உதறிக்கொண்டு கத்த ஆரம்பித்தார். இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்தோம். வெளியே வந்து சுவரோரம் வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, “கபுரு மாதிரி கீது அண்ணாத்தே” என்றார். கபுர் என்றால் அவர்களிடத்தில் சவக்குழி. மீதியை நான் கொத்தி முடித்தேன். அதற்குப் பிறகு அவரை உள்ளே இறங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்றாலும், சாறு எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலே ஜலால் குக்கரைச் சுற்றிச் சுற்றி வருவார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

வெளியூரிலிருந்து சிலர் மதியத்துக்குமேல் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்துப்போனால் இதே மாதிரி பெரிய அளவில் கட்டப் பணம் போடுவார்கள். முதலாளி காலையிலேயே புதுச் சட்டையில் வந்துவிட்டார். மூடிக்கும் பாத்திரத்தின் வாய்க்கும் நடுவே வைக்கும் கேஸ்கட் வளையம் ஒன்று தேய்ந்திருந்தது. அடுத்த தடவைக்கு வேண்டும் என்று, குக்கர் வெந்துகொண்டிருக்கும்போதே மேடம் அதை வாங்க ஆவடிக்குப் போனார். போகும்போது, “நான் வந்துதான் திறக்கணும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஸ்பேனர் பீரோவில், சாவி அவர் பையில்.

வெந்து முடிந்தது. நான் ஸ்டீம் வால்வை மூடினேன். கூரைக் குழாய் இரைந்து அடங்கியது. ஜலால் கிளைக் குழாயை வாளியில் முக்கினார். அந்த நேரம் சக்கை லாரி வரவே, நான் பின்பக்கம் முற்றத்துக்குப் போய்விட்டேன். முற்றத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவே பாய்லர் அறை. உள்ளே நடப்பது எதுவும் அங்கிருந்து தெரியாது.

பாதி லாரி இறக்கியிருப்போம். வெடிச்சத்தம் ஒன்றும் இல்லை. பஸ் பிரேக் காற்று விடுமே, அந்தச் சத்தம், ஆனால் காது அடைக்கிற அளவுக்கு. பிறகு ஏதோ இரும்பு தரையில் விழுந்து உருண்டது. அதற்குப் பிறகு கருப்பட்டி வாசம். ஓடினேன்.

ஷெட் முழுக்க வெள்ளை ஆவி. அதற்குள் ஆவடியிலிருந்து திரும்பியிருந்த மேடம் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து ஜலாலைத் தோளில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முகம், மார்பு, இரண்டு கை எல்லாம் கொதிக்கும் சாறு. வெந்நீர் கொட்டினால் வழிந்து போய்விடும். சர்க்கரைச் சாறு பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்திலேயே நின்று வேகவைக்கும். “தண்ணி, தண்ணி” என்று மேடம் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அன்று ஒரு தடவைதான். குழாயில் மாட்டிய ஹோஸ் குக்கருக்குப் பக்கத்திலேயே கிடந்தது, தேட வேண்டியிருக்கவில்லை. ஏன் அது அங்கே கிடந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மேடம் தரையில் உட்கார்ந்து ஜலாலின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நான் நிறுத்தாமல் தண்ணீர் அடித்தேன். ஜலாலுக்குப் பல் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பாதிச் சக்கையோடு நின்ற லாரியில் ஏற்ற முடியாமல், பக்கத்து ஷெட்டின் குட்டியானை வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். எதிரே பார்வையாளர்களின் கார் சந்துக்குள் திரும்பியது. வழிவிட்டார்கள்.

அடுத்த நாள் அதிகாரிகள் முன்னால் குழாயை அறுத்துப் பார்த்தார்கள். பாத்திரத்தின் வாயை ஒட்டிய வளைவில், மெழுகுவத்தி உருகி உறைந்த மாதிரி வெள்ளையாக ஒரு அடைப்பு. காகித கப் செய்யும் இடத்துக் கழிவு ஒரு கட்டின் நடுவில் கலந்து வந்திருக்கிறது. பார்க்கச் சுத்தமான வெள்ளைக் காகிதம், ஆனால் உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அது உருகி ஆவியோடு போய்க் குழாயில் உறைந்துவிட்டது. கேஜும் அதே குழாயில்தான் பொருத்தியிருந்தது. அதனால் வாளியும் அடங்கியது, முள்ளும் பூஜ்யத்துக்கு வந்தது. உள்ளே அழுத்தம் அப்படியே நின்றது. எதிர்ப்பக்க நட்டுகளைத் தளர்த்தியபோதும் ஆவி வரவில்லை. பாகு கேஸ்கட்டை ஒட்டிப் பிடித்திருந்தது. தன் பக்க நட்டுக்கு ஜலால் வந்தபோது பிடி விட்டது.

மேடத்திடம் கேட்டார்கள். மூன்றையும் பார்த்தேன், மூடியில் தண்ணீர் ஊற்றினேன், சீறவில்லை என்றார். அதுதான் யாருக்கும் புரியவில்லை. உள்ளே அவ்வளவு சூடு இருக்கும்போது மூடி எப்படிச் சீறாமல் இருக்கும்? அந்தம்மா தண்ணீர் ஊற்றவே இல்லை, பார்வையாளர்கள் வருகிற அவசரத்தில் ஸ்பேனரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று அன்று மாலையே சந்து முழுக்கப் பேச்சு.

ஜலாலை முதலாளி பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார். மூன்றாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். முகம் முழுக்கக் கட்டு, வாய் மட்டும் வெளியே. மனைவி மும்தாஜ் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

“அண்ணாத்தே வந்துகீறியா? கண்ணு தெர்ல. பாய்லர் பொக வாட அட்ச்சுது.”

“பேசாம படு பாய்.”

“மேடம் எப்டி கீது?”

“ஒரு காயம் இல்ல. தூணுக்குப் பின்னால இருந்தாங்க.”

“நான் தண்ணி அட்ச்சேன் அண்ணாத்தே. மூடி மேல.”

எனக்கு அந்த ஹோஸ் ஞாபகம் வந்தது.

“மொதலாளி வந்து நின்னாரு. ‘இன்னும் ஆறலியா? கார் கெளம்பிட்ச்சாம்பா, ஹோஸ போட்டு ஆத்து’ன்னாரு. எனக்கும் அதான் வேண்டி இருந்துச்சு. லேட்டாச்சுன்னா கரி புட்ச்சிக்கும். உள்ள எறங்கி கொத்தணும். அந்தக் கபுரு ஞாபகம் வந்தாலே எனக்கு ஒடம்பு நடுங்குது. அட்ச்சிகினே இருந்தேன். மூடி ஜில்லுனு ஆயிட்ச்சு. மேடம் வந்து மக்குல ஊத்திப் பாத்துச்சு. எங்க சீறும்? மேல நான் ஆத்தி வெச்சுட்டேனே. உள்ள ஆறுச்சா இல்லியான்னு எனக்குத் தோணவே இல்ல. இரும்பு ஆறுனா எல்லாம் ஆறுனாப்பலன்னு நென்ச்சேன். இங்க வந்து படுத்துகினு கீறப்பதான் தோணுது.”

“இதை அதிகாரி வர்றப்ப சொல்லிடு. மேடத்தைத்தான் எல்லாரும் பேசுறாங்க.”

“தெரியும். மொதலாளி ஆளு வந்துட்டுப் போனான். மேடம் தொறக்கச் சொல்லி அவசரப்பட்த்துச்சுன்னு சொல்லணுமாம். அத்த என் வாயால சொல்ல மாட்டேன். அந்தம்மா பாக்க வேண்டியத எல்லாம் பாத்துச்சு.”

“அப்ப முதலாளி சொன்னதைச் சொல்லு.”

“சொல்லிட்டு?” கட்டுக்குள்ளிருந்து அந்த வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. “ரெண்டு பொண்ணு கீது அண்ணாத்தே. நான் எழுந்து வர மாட்டேன். அவுங்க படிப்ப பாத்துக்கறேன்னு அவரு இவளாண்ட வாக்கு குட்த்துகீறாரு. அவர மாட்டி வுட்டா யாரு பாப்பா? நீ பாப்பியா? நீயே நாளைக்கு எந்த ஊருக்குப் போவியோ.”

அவர் சொன்னது சரிதான்.

“நானா அட்ச்சேன்னு சொல்லப் போறேன். யாரும் சொல்லல. நானே ஆத்திப் பாத்தேன், மேடத்தாண்ட சொல்லல, அவ்ளோதான். மேடமும் மாட்டாது, அவரும் மாட்ட மாட்டாரு. நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. மும்தாஜு, கேக்குதா?”

மும்தாஜ் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஜலாலுக்குத்தான் கண் தெரியாதே என்று, “கேக்குதுங்க” என்று நான் மும்தாஜுக்காகவும் சேர்த்துச் சொன்னேன்.

அதிகாரி வந்தபோது ஜலால் அப்படியே சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை இறந்துபோனார். பூந்தமல்லியில் அடக்கம். குழிக்குள் இறக்கும்போது நான் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

ஜலால் நினைத்தபடி பாதிதான் நடந்தது. வாக்குமூலம் அரசாங்கத்தின் அலமாரிக்குள் போயிற்று. மேடத்தின் மேல் வழக்கு வரவில்லை. ஆனால் சந்துப் பேச்சுக்கு வாக்குமூலம் எதற்கு? சிலர் பொம்பளை அவசரம் என்றார்கள். சிலர் ஃபிட்டரின் முட்டாள்தனம் என்றார்கள். பார்வையாளர்கள் திரும்பி வரவில்லை. சில மாதத்தில் ஷெட்டை மூடினார்கள். இப்போது அது பார்சல் கிடங்கு. மேடம் வேறு இரண்டு மூன்று இடத்தில் வேலை கேட்டுப் பார்த்தார். பெயரைச் சொன்னதும், அந்த அம்பத்தூர் கேஸா என்று கேட்டார்களாம். பிறகு அவர் எங்கும் கேட்கவில்லை. நான் எப்போதும்போலக் கிளம்பிப் போனேன். குஜராத், ஒரிசா என்று பல பாய்லர். கண் மங்கியதும் வேப்பம்பட்டுக்குத் திரும்பினேன்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. தன் வீட்டை விற்ற நிலையிலும் ஜலாலின் இரண்டு பெண்களையும் கடைசிவரை படிக்க வைத்தார். மூத்தவள் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். போன வருடம் முதலாளி காலமானார்.

புதிய ஆலையில் அந்தப் பேச்சைக் கேட்ட மறுநாள் மும்தாஜிடம் போனேன். பட்டறைத் தெருவில் அதே வீடு. வெளியே மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்ததால் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

“சொல்லிடுங்க அண்ணே” என்றார், நான் கேட்டு முடிப்பதற்குள். “எம்பொண்ணுங்க வளந்துட்டாங்கோ. அவங்கப்பா புத்தி இல்லாம தண்ணி அட்ச்சு செத்தாருன்னுதான் சொந்தக்காரங்களே பேசறாங்கோ. அவரு யாருக்கோசரம் அப்டி சொன்னாருன்னு இந்தப் புள்ளைங்களுக்காவது தெரியட்டும்.”

அடுத்து மேடம். சேக்காட்டில் அதே அடுக்குமாடி, மூன்றாவது மாடி. வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் செருப்புகள் கிடந்தன. வீட்டில் டியூஷன் எடுக்கிறார். தலை நரைத்துவிட்டது. “வாங்க அண்ணாச்சி” என்று கூப்பிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முழுவதையும் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து அவர் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்துவிடப் போகிறோம் என்ற நினைப்பில்தான் போயிருந்தேன். அவர் முகம் மாறவில்லை.

“முதலாளி சொல்லியா?” என்றார். “அது தெரியாது. ஜலால் தானா அடிச்சதாத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.” பிறகு, “யாரு சொல்லி அடிச்சா என்ன அண்ணாச்சி? நான் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாலயே மூடி ஈரமா இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். ஏன் ஈரமா இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. தினம் அத்தனை கேள்வி கேக்கேன், அதை மட்டும் கேக்கல. இதை எந்தப் பேப்பர்ல எழுதினாலும் எனக்கு மாறாது.”

“அவசரப்பட்டீங்கன்னு சொல்றாங்களே மேடம். அதையாவது...”

“சொல்லிட்டுப் போறாங்க.”

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க அப்ப உள்ள இல்லல்லா?” என்றார்.

“முற்றத்துல இருந்தேன்.”

“ஸ்பேனரைக் கொடுத்ததும் எப்பவும் சொல்லுதது சொன்னாரு. தள்ளி நில்லுங்க, கறையாயிரும்னு. எனக்கு அன்னைக்கு அந்தப் பழைய கேஸ்கட்டைக் கிட்டத்துல பாக்கணும். கையில புதுசு வேற வச்சிருந்தேன். ‘பரவால்ல பாய், இது பழைய துணிதான்’ன்னு பக்கத்துலயே நின்னேன். அவரு நட்டுல மாட்டுன ஸ்பேனரைக் கழட்டிட்டாரு. ‘இல்ல மேடம், தள்ளி நில்லுங்கோ, கறை போவாது’ன்னாரு. நான் தூணுக்குப் பின்னால போற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. அப்புறந்தான் திரும்ப மாட்டுனாரு.”

அவர் கை மடியில் துணியைத் தடவிக்கொண்டிருந்தது.

“என்னைப் பத்தி ஒண்ணும் எழுத வேண்டாம். எழுதுததா இருந்தா இதை எழுதுங்க. ரெண்டு தடவை சொன்னாரு.”

அவரைப் பற்றியும் எழுதிவிட்டேன், அவர் கோபித்துக்கொண்டாலும் சரி. அவர் எழுதச் சொன்னதை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நான் முற்றத்தில் கரும்புச் சக்கை இறக்கிக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்: ஜலால் இரண்டு தடவை சொன்னார்.